காந்தளை இல்லத்தில் நடுதல்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்த் தமிழர் அமைப்பொன்றின் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். பள்ளி வளாகம் ஒன்றில் ஐந்திணைப் பூங்கா அமைப்பது குறித்த பேச்சு. குறிஞ்சிப் பாத்திக்கு 50 செங்காந்தள் கிழங்குகள் வேண்டும் என்றும், முர்பாட் பக்கத்து மலைகளில் தோண்டித் தர ஆள் இருக்கிறார் என்றும், கிழங்கு ஒன்றுக்கு இன்ன விலை என்று பேசி முடித்தாயிற்று என்றும் அறிவித்தார்கள். அவை கைதட்டியது. நான் எழுந்து மறுத்தேன். மறுப்புக்குக் கிடைத்த நேரம் இரண்டு நிமிடம். அதில் சொல்ல இயலாதவற்றை இங்கே எழுதுகிறேன். இப்பதிவைப் படிக்கும் பேராசிரியர்கள் சிலர் தத்தம் கல்லூரிகளில் இத்தகைய பூங்காவைத் திட்டமிட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களுக்கும் இது பொருந்தும்.

என் கருத்து இதுதான்: சங்கப் பாட்டின் பெயரால் நடப்படும் காந்தள், காட்டிலிருந்து தோண்டி எடுத்ததாக இருத்தல் கூடாது. விதையிலிருந்து வளர்க்க வேண்டும். அல்லது வயலில் பயிராக்கிய கிழங்கை வாங்க வேண்டும். காலம் பிடித்தால் பிடிக்கட்டும்.

கூட்டத்தில் ஒருவர் குறுந்தொகையையே எனக்கு எதிர்ச்சான்றாகக் காட்டினார். கபிலர் பாடிய 361ஆம் பாட்டில் தலைவி காந்தளை வீட்டுக்குக் கொண்டுவந்து நடுகிறாள் அல்லவா, அதைத்தானே நாமும் செய்கிறோம் என்பது அவர் வாதம். அந்தப் பாட்டை மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். தலைவனின் மலையில் மாலையில் மழை பெய்கிறது. அந்த நீரோடு காலையில் காந்தள் ஒன்று அடியோடு வந்து சேர்கிறது. அதைத் தழுவி, இலை குழைந்துபோகும் அளவு தழுவி, இல்லத்துக்கு எடுத்துச் சென்று நடுகிறாள். அன்னை தடுக்கவில்லை, அதற்குக் கைம்மாறாக மேலுலகமும் சிறிது என்கிறாள். இதில் யாரும் மலையேறிப் போய்த் தோண்டவில்லை. வெள்ளம் பெயர்த்துவிட்ட செடி அது. அவள் எடுக்காவிட்டால் ஆற்றங்கரையில் காய்ந்து கிடந்திருக்கும். அவள் செய்தது மீட்பு. நாம் செய்யப் போவது கொள்முதல். இரண்டையும் ஒன்றென்று கூறுவது பாட்டுக்கும் நீதியன்று, செடிக்கும் நீதியன்று.

பாட்டைப் படித்தவர்கள் அதை உள்ளுறையாகவும் தலைவியின் ஆற்றாமையாகவும் தாயின் குறிப்புணர்வாகவும் விளக்கியிருக்கிறோம். நானும் வகுப்பில் அப்படித்தான் விளக்கினேன். ஆனால் ஒரு செடி பெயர்ந்து வந்து இன்னோரிடத்தில் நடப்பட்டால் பிழைக்குமா என்ற எளிய கேள்வியை என் ஆய்வுக் காலத்தின் முதல் இரண்டாண்டுகளில் நான் கேட்டதே இல்லை. கேட்க வைத்தது என் சொந்தத் தவறு.

2018ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ரயில் நிலைய வாசலில் ஒருவர் சாக்கை விரித்துக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். கலப்பையின் வடிவில் இரு கைகள் விரிந்த கிழங்கு. பார்த்தவுடன் அடையாளம் தெரிந்தது. கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் லாங்கலி என்ற வடமொழிப் பெயரும் எங்கிருந்து வந்தன என்பது அன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று வாங்கினேன். பையில் திணித்து, கூட்ட நெரிசலான வண்டியில் கொண்டுவந்து, எங்கள் கேலரியில் இருந்த கரிசல் மண் தொட்டியில் புதைத்தேன். மூன்றும் அழுகின. ஏன் அழுகின என்று தேடிப் படித்தபோதுதான் அச்செடியின் உடலமைப்பு எனக்குப் பிடிபட்டது.

காந்தள் கிழங்கின் உயிர் அதன் நுனியில் இருக்கிறது. உருளைக்கிழங்கைப் போல் மேலெங்கும் கண்கள் கிடையா. இரு கைகளின் முனையில் ஒவ்வொரு முளை, அவ்வளவே. நுனி ஒடிந்தால் அந்தக் கை சோறாய்ப் பருத்திருந்தும் பயனில்லை. தோண்டுபவர் கம்பியைக் குத்தி நெம்பும்போது முதலில் முறிவது நுனிதான். மேலும் இக்கிழங்கு ஆண்டுக்கொரு முறை தன்னையே புதுப்பித்துக்கொள்ளும். இவ்வாண்டின் கொடி பழைய கிழங்கை உண்டு தீர்த்து, அடியில் புதிய கிழங்கை உருவாக்கிவிட்டு மடிகிறது. கொடி பூத்துக்கொண்டிருக்கும்போது தோண்டினால் பழையதும் தீர்ந்திருக்கும், புதியதும் முற்றியிருக்காது. ஆனால் காட்டில் பூ இல்லாத காலத்தில் இச்செடியைக் கண்டுபிடிப்பது அரிது. ஆகவே விற்பனைக்காகத் தோண்டுபவர் பெரும்பாலும் பூவைப் பார்த்துத்தான் தோண்டுவார். நெருப்புப் போல நின்று வண்ணத்துப்பூச்சியை அழைக்கும் அந்த மலரே செடியைக் காட்டிக்கொடுக்கிறது. நான் வாங்கிய மூன்றும் ஒடிந்த நுனியுடையவை, அரைகுறையாய் முற்றியவை. எங்கோ ஒரு சரிவில் மூன்று குழிகள் என் பொருட்டுத் தோண்டப்பட்டன. அதை எண்ணும்போது இன்றும் கூச்சமாக இருக்கிறது.

காப்புக் காட்டில் அனுமதியின்றி விளைபொருளை எடுப்பது 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டப்படி குற்றம் என்பதையும் கூட்டத்தில் நினைவூட்டினேன். சட்டம் பற்றிப் பேசியதும் அவையில் சிலர் முகம் சுளித்தார்கள். அது போகட்டும்.

2019ஆம் ஆண்டு ஜூலை 27 அன்று உல்லாஸ் ஆறு பெருகி, பத்லாபூருக்கும் வாங்கணிக்கும் இடையே மகாலட்சுமி விரைவு வண்டி நீரில் சிக்கிக்கொண்டது பலருக்கு நினைவிருக்கும். அந்த வெள்ளம் வடிந்த சில நாள்களில் நானும் நண்பரும் ஆற்றங்கரைக்குப் போனோம். கபிலரின் காந்தள் எதுவும் வந்து கிடக்கிறதா பார்ப்போம் என்பது எங்கள் வேடிக்கை. ஞெகிழிப் பைகளும் தெர்மோகோலும் ஒற்றைச் செருப்புகளும் கிடந்தன. வேடிக்கை அத்தோடு முடிந்தது. ஆனால் அவ்வாண்டு அக்டோபரில் கர்ஜத் பக்கம், காட்டுக்கு வெளியே, ஓர் உழவரின் வேலியில் காந்தள் கொடி ஒன்று காய்த்திருந்ததைக் கண்டோம். இலையெல்லாம் பழுத்து, கொடி சாய்ந்துவிட்டது. காய் மூன்றாகப் பிளந்து உள்ளே செம்மஞ்சள் விதைகள் தெரிந்தன. உழவரிடம் கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் கொண்டுபோகாதே என்றும் சொன்னார். மராத்தியில் இதன் பெயர் களலாவி. பேற்று வலியைத் தூண்டுவது என்று அதற்குப் பொருள் கூறுவார்கள்; இதன் கிழங்கு முற்காலத்தில் அதற்குப் பயன்பட்டது. கலகம் மூட்டுவது என்றும் அச்சொல்லைக் கொள்ளலாம். உழவர் இரண்டாம் பொருளில் நம்பிக்கையுடையவர்.

எங்கள் வீட்டில் கலகம் வரத்தான் செய்தது. "வீட்டுல வெசத்த வளக்கப் போறியாலே?" என்றார் அம்மா. கபிலரின் அன்னையைப் போல் அவர் வாளா இருக்கவில்லை. அவர் சொன்னதில் பிழையும் இல்லை. செடியின் எல்லாப் பகுதிகளிலும் கால்ச்சிசின் என்னும் நச்சுப்பொருள் உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணித் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு. குறிப்பான முறிவு மருந்து மருத்துவமனைகளில் கிடைப்பதில்லை. எனவே பள்ளி வளாகத்தில் இதை நடுவதாயின் சிறுவர் கைக்கு எட்டாத வேலியும், தமிழிலும் மராத்தியிலும் எழுதிய எச்சரிக்கைப் பலகையும், கிழங்கைக் கையாளக் கையுறையும் கட்டாயம் வேண்டும். இதைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை. குறிஞ்சிப்பாட்டின் பூப்பட்டியல் செங்காந்தளில் தொடங்குகிறது என்பதை மட்டும் மூன்று பேர் சொன்னார்கள்.

விதைகளை உலர்த்திக் காகித உறையில் இட்டு எட்டு மாதம் வைத்திருந்தேன். பறித்தவுடன் விதைத்தால் இவ்விதை எளிதில் முளைப்பதில்லை. உறக்கம் தெளியக் காலம் வேண்டும். 2020 ஜூனில், ஊரடங்கில் அனைவரும் வீட்டுக்குள் இருந்தபோது, வெதுவெதுப்பான நீரில் ஓரிரவு ஊறவைத்து, மணலும் மட்கிய எருவும் பாதிப்பாதி கலந்த தட்டில் 40 விதைகளை இட்டேன். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நான்காவது வாரத்தில் இரண்டு. பின்பு மாதம் முழுவதும் ஒன்று, ஒன்று என்று. செப்டம்பர் வரை முளைத்தவை 11. எல்லாம் ஒரே நாளில் எழாமல் இப்படிச் சிதறி முளைப்பது காட்டுச் செடியின் காப்பீடு என்று வைத்துக்கொள்ளலாம்: முதல் மழை பொய்த்தால் எல்லாம் சாகாது. தோட்டக்காரனுக்கு அது பொறுமைச் சோதனை.

முதலாண்டில் அது கொடியே அன்று. புல் போல் இரண்டொரு இலை; அடியில் பட்டாணி அளவுக் கிழங்கு. அக்டோபரில் இலை மஞ்சளித்து மடிந்தபோது செத்துவிட்டது என்றே அம்மா நினைத்தார். நீர் விடுவதை நிறுத்தித் தட்டை மழைச் சாரல் படாத மூலையில் வைத்துவிட வேண்டும். இந்த உறக்கத்தில் நீர் ஊற்றிக் கிழங்கை அழுகவிட்டவர்கள் பலர். அன்பு மிகுதியால் நேரும் கேடு. மறு ஜூனில் மழைக்காற்று வந்ததும் தானே எழுந்தது. இரண்டாமாண்டு ஒரு முழம். மூன்றாமாண்டில்தான் ஏறத் தொடங்கியது. ஏறுவதற்குத் தனிப் பற்றுக்கம்பி இல்லை; இலையின் நுனியே சுருண்டு பற்றிக்கொள்கிறது. அந்தச் சுருள் மெல்லியது. தடித்த மூங்கிலைக் கொடுத்தால் பற்ற மாட்டாது வழுக்கும். நூல்வலையோ உலர்ந்த மிலாறோ போதும். கொங்குநாட்டு உழவர்கள் கிளுவை முள்ளை நட்டு அதன்மேல் படர விடுவது இதனால்தான்.

2023 ஆகஸ்டில் முதல் பூ. 11 நாற்றுகளில் அப்போது எஞ்சியவை 7, பூத்தது ஒன்று.

அந்தப் பூவைப் பற்றித் தமிழாய்வாளர்களுக்கு ஒரு சொல். மொட்டு கீழ்நோக்கித் தொங்குகிறது. விரியும்போது ஆறு இதழ்களும் பின்னோக்கி மடிந்து மேலே எழுகின்றன; விரலுக்கு உவமை கூறியவர்கள் எந்த நிலையைக் கண்டு கூறினார்கள் என்பது அப்போது விளங்குகிறது. முதல் நாள் அது செங்காந்தள் அன்று. பச்சையும் மஞ்சளுமாய் இருக்கிறது. பின்னர் நுனியிலிருந்து செம்மை இறங்கி, சில நாள்களில் முழுதும் சிவக்கிறது. ஒரே கொடியில் மஞ்சள் பூவும் சிவந்த பூவும் ஒருங்கே நிற்கும். குறிஞ்சிப்பாட்டு காந்தளையும் கோடலையும் தோன்றியையும் தனித்தனியே எண்ணுகிறது. கோடல் வெண்காந்தள், தோன்றி செங்காந்தளின் வேறொரு பெயர் என்றெல்லாம் நிறத்தை வைத்து நாம் எழுதும் கட்டுரைகளில் இந்த நிறமாற்றம் பேசப்பட வேண்டும். நான் முடிவு எதையும் கூறவில்லை. ஒரு மழைக்காலம் செடியோடு இருந்துவிட்டுப் பிறகு முடிவு கூறலாம் என்கிறேன். பருவம் பற்றியும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழையில் பூப்பதால் ஈழத்தில் இது கார்த்திகைப்பூ. இங்கே சகியாத்திரி அடிவாரத்தில் ஆடி ஆவணியிலேயே பூத்து, கார்த்திகையில் உறங்கிவிடுகிறது. பெயர் மாதத்தைப் பின்பற்றுகிறது. செடி மழையைப் பின்பற்றுகிறது.

பூத்ததும் இன்னொரு சிக்கல். சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக வளைந்து ஒருபுறமாக நீண்டு நிற்பதால், மகரந்தம் தானாக அதைச் சென்று சேர்வது அரிது. தேன்சிட்டோ வண்ணத்துப்பூச்சியோ வரவேண்டும். எங்கள் முகாமின் மூன்றாம் மாடிக்கு இரண்டும் வருவதில்லை. சிறு தூரிகை கொண்டு காலையில் நானே மகரந்தத்தைத் தொட்டு வைத்தேன். ஒட்டன்சத்திரம், மூலனூர் வயல்களில் இதைக் கூலிக்குச் செய்கிறார்கள். பெரும்பாலும் பெண்கள், காலை வேளையில், பூப் பூவாக.

அந்த வயல்களைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் என் வாதத்தின் மறுபாதி அங்கே இருக்கிறது. கால்ச்சிசினை 1820இல் பெல்லத்தியே, கவந்தூ என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தனர். அதே பொருள் நம் காந்தளிலும் உண்டென்று 1915இல் தெரிந்தது. கீல்வாதத்திற்கு மருந்து, 2023இல் அமெரிக்காவில் இதய நோய்க்கும் சிறிய அளவில் அனுமதி கிடைத்தது. 1937இல் இதைக் கொண்டு செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிக்கச் செய்யலாம் என்று காட்டினார்கள். உ.வே.சாமிநாதையர் குறுந்தொகைப் பதிப்பை வெளியிட்டதும் அதே ஆண்டுதான். இரண்டையும் ஒருங்கே நினைத்தவர் அன்று எவரும் இருந்திருக்க மாட்டார். மருந்துத் தேவையால் திண்டுக்கல், கரூர், திருப்பூர், அரியலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் கண்வலிக்கிழங்கு பணப்பயிராயிற்று. விற்பது விதை, நடுவதோ கிழங்கு. 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கே பரிந்துரைக்கப்படுகிறது. சிறியதை நட்டால் முதலாண்டில் காய்ப்பு இல்லை. ஆக, ஆயிரக்கணக்கான கிலோ விதையைக் கையில் வைத்திருக்கும் உழவர்கூட விதைப்பதில்லை. மூன்று நான்கு ஆண்டு காத்திருக்க அவர் கடன் அனுமதிக்காது. விலையோ ஓராண்டு ஏறி மறு ஆண்டு சரிவது. அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஒரு கிழங்கு ஓராண்டில் இரண்டாகலாம், அதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. பயிர்ப்பரப்பு அதைவிட விரைவாகப் பெருகும்போது பற்றாக்குறைக் கிழங்கு எங்கிருந்து வரும்? முதலில் வந்ததும் காட்டிலிருந்துதான்.

எனவே வயல் கிழங்கை வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை என்றாலும், அதை இரண்டாம் நிலையாகவே வைக்கிறேன். இந்தக் குன்றுகளின் காந்தளுக்கு இந்தக் குன்றுகளின் விதையே முறை.

எதிர்வாதம் ஒன்று கூட்டத்திலேயே வந்தது. உயிரியல் படித்த நண்பர் சொன்னார்: ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவியிருக்கும் செடி இது, ஜிம்பாப்வேயின் தேசிய மலர், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து கடற்கரை மணல்மேடுகளில் களையாகிப் பிடுங்க முடியாமல் திண்டாடுகிறார்கள், 50 கிழங்குக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? அவர் கூறிய செய்திகள் எல்லாம் சரி. ஆனால் குயின்ஸ்லாந்தில் மிகுந்திருப்பதால் முர்பாட் சரிவில் உள்ள குழி மூடிவிடாது. ஓர் இனம் உலகில் அழியாமலிருப்பது வேறு. ஒரு மலை தன் பூவை இழப்பது வேறு. குறிஞ்சி என்று நாம் பேசுவது நிலத்தைத்தானே?

இன்னொரு மறுப்பு ஓர் இளங்கலை மாணவியிடமிருந்து. "நாலு வருஷம்னா பூ பூக்கறப்ப நான் இங்க இருக்கவே மாட்டேனே, அண்ணா." இதற்கு உடனே விடை சொல்ல எனக்கு வரவில்லை. பட்டப்படிப்பு மூன்றாண்டு, நல்கை மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு, பொறுப்பாளர்களின் பதவிக்காலம் இரண்டாண்டு. பூங்கா திறப்பு விழாவன்று பூ இருக்க வேண்டும் என்ற அவசரம் இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. பிறகு அவளிடம் சொன்னேன்: விதைத்தவர் ஒருவரும் பூவைப் பார்த்தவர் இன்னொருவருமாக இருப்பதில் குற்றம் என்ன? விதைத்த நாளையும் விதைத்தவர் பெயரையும் பலகையில் எழுதிவைப்போம். முதலாண்டு மாணவர் இரண்டாமாண்டு நாற்றைப் பேணட்டும். திறப்பு விழாவில் புல் போன்ற இரண்டு இலைகளைக் காட்டிப் பேச நம் பேச்சாளர்களால் இயலாதா? இதைவிடச் சிறியவற்றைக் காட்டி அவர்கள் மணிக்கணக்கில் பேசிக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் 1949 ஆகஸ்ட் 8 அன்று ராஜாஜி அடிக்கல் நாட்டிய ஊர். சிந்துவிலிருந்து பெயர்ந்து வந்தவர்களுக்காக, படைவீரர் முகாம்களின் மேல் எழுப்பிய நகர். இன்றும் முகவரியில் முகாம் எண்தான். பிறகு வந்த நாங்களும் வேறெங்கிருந்தோ பெயர்ந்தவர்களே. பெயர்த்து நடுவதே கூடாது என்று இந்த ஊரில் இருந்துகொண்டு நான் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. எது பெயர்த்தது, எதற்காக, நட்டபின் யார் காத்திருந்தார் என்று கேட்கிறேன்.

கூட்டம் முடிவு எடுக்காமல் கலைந்தது. கிழங்குக்கு முன்பணம் இன்னும் தரவில்லை என்று பின்னர் அறிந்தேன். ஆகவே ஒரு மாற்று ஏற்பாட்டை அமைப்பின் பொறுப்பாளர்களுக்கு எழுத்தில் தந்திருக்கிறேன். என் ஏழு செடிகளும் இரட்டித்ததில் இப்போது 23 கிழங்குகள் உள்ளன. சில இன்னும் சுண்டுவிரல் அளவே. அவற்றுள் பூக்கும் பருவத்தை எட்டிய 12ஐ அந்தப் பூங்காவிற்குத் தருகிறேன். சென்ற ஆண்டு கைமகரந்தத்தால் காய்த்த நான்கு காய்களின் விதையும் உறையில் இருக்கிறது. தண்ணீர் தேங்காதபடி செம்மண்ணும் மணலும் கலந்து மேடாக்கிய பாத்தி, கிழங்கைப் படுக்கவைத்து மேலே இரண்டு அங்குல மண், நூல்வலை, வேலி, பலகை: இவை அவர்கள் பொறுப்பு. கிழங்குகள் இப்போது உலர்ந்த மணலில், காலணிப் பெட்டியில், அம்மாவின் ஆணைப்படி சமையலறைக்கு எதிர்ப்பக்க அலமாரியின் மேல்தட்டில் உறங்குகின்றன. மே மாத இறுதிக்குள் விடை வந்தால் முதல் மழைக்கு முன் நட்டுவிடலாம். விதை வேண்டும் பிற கல்லூரி நண்பர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். ஆளுக்குப் பத்து விதைக்கு மேல் தர இயலாது.